மாசம் எவ்வளவு வருது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 பொங்கலுக்கு, பூப்பறிக்கும் நோம்பி அன்று, ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு நண்பனின் தென்னந்தோப்பில் பதினோரு பேர் கூடினோம். 2006இல் கோவையில் பாலிடெக்னிக் முடித்த கூட்டம். இரண்டு பேர் பெண்கள். சாப்பாடு முடிந்து கட்டிலில் சாய்ந்திருந்தபோது ஒருத்தன் ஆரம்பித்தான்: "டேய், பத்தொன்பது வருஷமாச்சு. யாருக்கு என்ன சம்பளம்னு ஒருத்தனுக்கும் தெரியாது." பழைய காலண்டர் தாளைக் கிழித்துப் பதினோரு துண்டு போட்டோம். பெயர் வேண்டாம், மாசம் கைக்கு வருவதை மட்டும் எழுது என்றோம். சீட்டுகளைச் சாம்பார்த் தூக்கில் போட்டுக் குலுக்கி (கழுவிய தூக்குதான்) ஒவ்வொன்றாக வாசித்தோம்.

குறைந்தது 16,500. கூடுதல் 1,85,000. ஒரு சீட்டில் எண்ணே இல்லை. "மூணு வெட்டுக்கு ஒருக்கா கணக்குப் பார்ப்பேன்" என்று எழுதியிருந்தது. அது யாருடையது என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை, தோப்புக்காரன் வெட்கத்தோடு கையைத் தூக்கினான். அவன் சிரித்ததும் மற்றவர்களும் தங்கள் சீட்டைத் தாங்களே எடுத்துக்கொண்டு பேசத் தொடங்கினார்கள். இருட்டும் வரை பேச்சு அதுதான்.

இதை நான் வெளியில் சொன்னதிலிருந்து கேள்விகள் வருகின்றன. திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

சம்பளம் எவ்வளவு என்று கேட்பது அநாகரிகம் இல்லையா?

நம் ஊரில் காசைப் பற்றிப் பேசவே கூச்சப்படுவோம் என்று சொன்னால் மொய் நோட்டு சிரிக்கும். கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு, ஊர், பெயர், அப்பா பெயர், தொகை எல்லாம் எழுதி, சில இடங்களில் மைக்கில் வாசித்தும் விடுகிறோம். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து என்றே தனியாக வைத்து, கறிச்சோறு போட்டு, போட்ட மொய்யைத் திரும்ப வாங்குகிறார்கள். யார் யாருக்கு எவ்வளவு போட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். இப்போது கணினியில் பதிந்து ரசீதும் கொடுக்கிறார்கள்.

ஆக, கொடுப்பதையும் வாங்குவதையும் சொல்ல நமக்குத் தயக்கம் கிடையாது. நகை எத்தனை பவுன், வீட்டு மனை என்ன விலை, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் எவ்வளவு, எல்லாம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமே சொல்லிவிடுகிறோம். வாய் அடைத்துப்போவது வருமானம் என்ற ஒரு இடத்தில்தான். குறைவு என்றால் இளக்காரம், அதிகம் என்றால் கண் படும், கடன் கேட்பார்கள்.

யார், எதற்காகக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே வேலை பார்க்கிறவர், அந்த வேலைக்கு வரப்போகிறவர், கூடப் படித்தவர் கேட்டால் அதில் இருவருக்கும் பிரயோஜனம் உண்டு. கல்யாண வீட்டில் பந்திக்கு நடுவே கேட்கிற பெரியப்பாவுக்கு வேறு பதில் உண்டு, கீழே வருகிறது.

எந்தத் தொகையைச் சொல்வது? ஆஃபர் லெட்டரில் ஆறு லட்சம் என்று இருக்கிறது.

அந்த ஆறு லட்சத்தை பன்னிரண்டால் வகுத்து 50,000 என்று சொல்லித்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள், வீட்டையும் ஏமாற்றுகிறார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருத்தனின் தம்பி கணக்கை உட்கார்ந்து பிரித்தோம். அப்படியே தருகிறேன்.

சிடிசி, அதாவது நமக்காகக் கம்பெனி வருஷத்துக்குச் செலவழிப்பதாகக் காட்டும் மொத்தம், 6,00,000. இதில் 60,000 'வேரியபிள்', அதாவது வருஷக் கடைசியில் கம்பெனியும் மேனேஜரும் மனசு வைத்தால் வருவது. அதைக் கழித்தால் 5,40,000, மாசத்துக்கு 45,000. அடிப்படைச் சம்பளம் 22,500. அதில் 12% கம்பெனி கட்டும் பிஎஃப் 2,700. அது நமக்குத்தான் சேர்கிறது, ஆனால் சம்பளக் கணக்குக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) என்று 4.81%, அதாவது 1,082. ஆக மொத்தச் சம்பளம் 41,218 என்று சம்பளச் சீட்டில் வரும். அதிலிருந்து தம்பி பங்குக்கு இன்னொரு 2,700 பிஎஃப். தொழில் வரி அரையாண்டுக்கு 1,250, மாசக் கணக்கில் 208. கைக்கு வருவது 38,310.

வருமான வரி இல்லை. 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி கிடையாது, சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவு 75,000 சேர்த்து 12.75 லட்சம்.

அந்தப் பணிக்கொடையும் பொதுவாக ஐந்து வருஷம் தொடர்ந்து இருந்தால்தான் கிடைக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு கம்பெனி மாறும் பிள்ளைக்கு அது காகிதத்தில் மட்டும் இருக்கும் பணம். எனவே ஒப்பிடும்போது கைக்கு வருவதைச் சொல்லுங்கள். பிஎஃப் எவ்வளவு சேர்கிறது என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். அதற்கு 2024-25இல் 8.25% வட்டி போட்டார்கள், அதைச் சேமிப்பாகவே பார்க்கலாம்.

எனக்குச் சம்பளமே இல்லை, சொந்தத் தொழில். மாச வருமானம் என்று எதைச் சொல்ல?

எங்கள் தோப்புக்காரன் கஷ்டமும் இதுதான். ஒன்றரை, இரண்டு மாசத்துக்கு ஒரு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் காய் எண்ணிக்கை வேறு, விலை வேறு. வெயில் காலத்தில் குரும்பை உதிர்ந்தால் அதன் அடி பல மாசம் கழித்துத்தான் தெரியும். வெள்ளை ஈ வந்த வருஷம் ஒரு கணக்கு, வாடல் நோய் வந்து மரத்தையே வெட்டின வருஷம் வேறு கணக்கு. மரம் ஏற ஆள் கிடைக்காமல் காய் முற்றி விழுந்த கதையும் உண்டு. அவன் பாஸ்புக்கில் ஒரு நாள் இரண்டரை லட்சம் வரவாகும். அதைப் பார்த்துவிட்டு மச்சினன் கார் வாங்கச் சொன்னான். அந்தப் பணத்தில் உரம், ஆள் கூலி, கூட்டுறவு வங்கிக் கடன் எல்லாம் போக மிச்சம் என்ன என்று மச்சினனுக்குத் தெரியாது.

லேத் பட்டறை வைத்திருப்பவன் வேறு மாதிரி. கோவை கணபதியில் இரண்டு மிஷின், மூன்று ஆட்கள். பம்ப்புக்கான உதிரி பாகங்களை ஜாப் ஆர்டரில் கடைந்து கொடுக்கிறான். மாசம் நாலு லட்சத்துக்கு பில் போடுகிறான் என்றதும் ஒரு நிமிஷம் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். பில் போட்டது வந்துவிட்டதா என்று கேட்டபோதுதான் மூஞ்சி மாறியது. சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. 90 நாள் கழித்துத் தருகிற பெரிய பார்ட்டியிடம் சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் வராது. ஆட்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டும், அவனுக்கு மட்டும் தேதி கிடையாது. வருஷக் கணக்கில் பார்த்தால் வீட்டுக்கு எடுப்பது மாசம் 45,000 அளவுக்கு வருகிறது.

சொந்தத் தொழில்காரர்கள் சொல்ல வேண்டியது இந்த எண்ணைத்தான். போன வருஷம் முழுக்க வீட்டுச் செலவுக்கு என்று எடுத்த மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் போதும். அதோடு, வராமல் நிற்கும் பாக்கி எவ்வளவு என்பதையும்.

கவர்ன்மென்ட் வேலையில் இருப்பவர்கள் உண்மையைச் சொல்கிறார்களா?

சொல்லாவிட்டாலும் தெரிந்துகொள்ளலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4 ஒவ்வொரு அரசு அலுவலகமும் தன் அலுவலர்கள், ஊழியர்களின் மாத ஊதியத்தைத் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. ஊதிய அட்டவணையும் அரசாணையாக இருக்கிறது. குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்கிறவருக்கு அடிப்படை ஊதியம் 19,500. 2025 ஜனவரிக் கணக்குப்படி அகவிலைப்படி 55%, அதாவது 10,725. இரண்டும் சேர்த்து 30,225. வீட்டு வாடகைப்படி ஊரைப் பொறுத்து. பிடித்தங்கள் போகக் கையில் நிற்பது, "கவர்ன்மென்ட் மாப்பிள்ளை" என்று பெண் வீட்டார் கண்ணை விரிக்கும் அளவுக்கு ஆரம்பத்தில் இல்லை. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டமும் கிடையாது.

அப்படியிருந்தும் ஏன் மவுசு? ஒன்றாம் தேதியோ மாசக் கடைசியோ, ஒரு தேதியில் வருகிறது. எங்கள் கூட்டத்தில் வருவாய்த் துறையில் இருப்பவனைவிட நான்கு பேர் அதிகம் வாங்குகிறார்கள். ஆனால் கோவிட் காலத்தில் ராத்திரி தூங்கியவன் அவன் ஒருத்தன்தான்.

"சம்பளம் சரி, கிம்பளம்?" என்றும் சிலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அவனிடமும் அன்றைக்கே கேட்டோம். நாலு கெட்ட வார்த்தை கிடைத்தது, மேற்கொண்டு கேட்கவில்லை.

அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரரின் வருமானத்தையும் அந்தச் சட்டத்தில் கேட்கலாமா?

முடியாது. ஒருவரின் வருமான வரிக் கணக்கு தனிப்பட்ட தகவல் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்லிவிட்டது. விவாகரத்து, ஜீவனாம்ச வழக்கு என்று போனால் கதை வேறு. 2020இல் வந்த தீர்ப்பின்படி இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடனைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தாக வேண்டும்.

எனக்கு அப்புறம் சேர்ந்தவருக்கு என்னைவிட அதிகம் என்று தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாமோ?

எனக்கும் நடந்தது. ஒரு மில்லில் பராமரிப்பு சூப்பர்வைசராக இருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள், ஷிப்ட் ரிப்போர்ட்டை எடுக்க பிரின்டரிடம் போனேன். யாரோ எடுக்க மறந்த சம்பளச் சீட்டு மேலே கிடந்தது. எனக்கு இரண்டு வருஷம் பின்னால் வந்தவர், நான் வேலை சொல்லிக்கொடுத்தவர். என்னைவிட 9,000 அதிகம். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு கேன்டீனுக்குப் போய் டீ வாங்கினேன், குடிக்க முடியவில்லை.

ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை. அது என் தப்பு. அவர் என்ன செய்வார் பாவம், கேட்டார், கொடுத்தார்கள். நான் கேட்டதே இல்லை. வருஷா வருஷம் அவர்கள் போட்டதை வாங்கிக்கொண்டு தேங்க்யூ சார் சொன்னவன் நான். பிறகு அவரிடமே போய்ச் சொன்னேன், இப்படிப் பார்த்துவிட்டேன் என்று. அவர் கதவைச் சாத்திவிட்டு, தான் எந்தக் கம்பெனியின் ஆஃபரைக் காட்டி இந்தத் தொகையை வாங்கினார், எந்த மாசத்தில் கேட்டார், என்ன வார்த்தை சொன்னார் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார். அடுத்த ஏப்ரலில் எனக்கு 6,000 ஏறியது. மீதி 3,000 இன்னும் பாக்கி.

அதனால் என் பதில்: தெரிவது நல்லது. கோபத்தை மட்டும் சரியான மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். போய்ப் பேசும்போது "அவருக்கு மட்டும் ஏன்" என்று ஆரம்பிக்காதீர்கள், சொன்னவரைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். "இந்த வேலைக்கு வெளியில் இவ்வளவு கொடுக்கிறார்கள்" என்று ஆரம்பியுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை சேர்த்து. எங்கள் கூட்டத்தின் இரண்டு பெண்களில் ஒருத்தி அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள், அதே டிசைன் வேலைக்கு இன்னொரு நண்பன் 11,000 அதிகம் வாங்குகிறான் என்று. கம்பெனி வேறு வேறு, எனவே நேரடியாக எதுவும் கேட்க முடியாது. ஆனால் ஒரே நிறுவனத்துக்குள் ஒரே வேலைக்கு ஆண், பெண் என்று சம்பளத்தில் பேதம் கூடாது என்பது 1976 முதலே சட்டம். பக்கத்தில் இருப்பவர் வாங்குவது தெரியாதவரை அந்தச் சட்டத்தை எடுத்து எங்கே நீட்டுவது?

சம்பளத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலேயே எழுதியிருக்கிறதே?

நிறைய இடங்களில் அப்படி ஒரு வரி இருக்கிறது. சம்பளச் சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்ற விடாதீர்கள், அது வீண் வம்பு. டீக்கடையில் வாய்வார்த்தையாகப் பேசுவதை யாரும் அளந்துகொண்டிருக்கப் போவதில்லை.

அமெரிக்காவில் தனியார் ஊழியர்கள் தங்களுக்குள் சம்பளம் பேசுவதை 1935ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே பாதுகாக்கிறது. நார்வேயில் இன்னும் ஒரு படி மேல். யார் எவ்வளவு வருமானம் காட்டினார், எவ்வளவு வரி கட்டினார் என்று யாரும் யாரைப் பற்றியும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். 2014இல் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள்: உங்களைப் பற்றி யார் தேடினார் என்பது உங்களுக்கும் தெரியும். தேடுகிறவர்கள் எண்ணிக்கை சடாரென்று விழுந்துவிட்டது. பின்லாந்திலும் வருஷா வருஷம் நவம்பர் தொடக்கத்தில் வரிக் கணக்கு வெளியாகும். அந்த நாளுக்குப் பொறாமை நாள் என்றே கிண்டல் பெயர்.

நம் நாட்டிலும் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள், இயக்குநர் வாங்கும் ஊதியம், ஊழியர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் வருகிறவரின் ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு என்று ஆண்டறிக்கையில் போட வேண்டும், 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி. உங்கள் கம்பெனி அந்தப் பட்டியலில் இருந்தால் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். நல்ல பொழுதுபோக்கு.

முப்பதாயிரத்துக்குள் நாலு பேர் எப்படிச் சமாளிக்கிறார்கள்? நிஜமாகக் கேட்கிறேன்.

பேனல் வயரிங் வேலை பார்க்கிற நண்பனும் அவன் மனைவியும் சம்மதித்துத் தந்த கணக்கு இது. கோவையில் லைன் வீடு, இரண்டு பிள்ளைகள். அவனுக்குக் கைக்கு 24,600. மனைவி வீட்டில் பிளவுஸ் தைத்து 4,500 சேர்க்கிறார். மொத்தம் 29,100.

வாடகை 6,500. மளிகை 4,500. அரிசி ரேஷனில் வந்துவிடுகிறது, இட்லிக்கும் சோற்றுக்கும் கலந்துகொள்கிறார்கள். பால் 700. காய்கறி, ஞாயிற்றுக்கிழமைக் கறி சேர்த்து 3,000. சிலிண்டர் மாசக் கணக்கில் 600. பெட்ரோல் 1,800. பைக் ஈஎம்ஐ 2,900. இரண்டு போனுக்கு ரீசார்ஜ் 600. மகளிர் குழுக் கடன் தவணை 2,200. சீட்டு 2,500. கூட்டினால் 25,300. மிச்சம் 3,800இல் கரண்ட், மருந்து, விசேஷம், மொய், பையன் உடைத்த கண்ணாடி எல்லாம்.

அவர் மனைவி பஸ்ஸில் போனால் டிக்கெட் இல்லை, அது ஒரு உதவி. மாசம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை கிடைக்கவில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது.

இந்தக் குடும்பத்தை உலுக்கியது செலவு இல்லை, சம்பள உயர்வு. இரண்டு வருஷத்துக்கு முன் அவன் சம்பளம் 21,000க்குக் கீழே இருந்தது. ஈஎஸ்ஐ இருந்தது. சம்பளத்தில் 0.75% பிடிப்பார்கள், 150 ரூபாய் சொச்சம். அதற்குக் குடும்பத்துக்கே வைத்தியம். சிங்காநல்லூர் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில்தான் சின்னவள் பிறந்தாள். 21,000ஐத் தாண்டியதும், அந்த அரையாண்டு முடிந்தவுடன் ஈஎஸ்ஐ போய்விட்டது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும், அதிலும் சேர முடியாது. போன வருஷம் மனைவிக்குக் குடல்வால் ஆபரேஷன். தாலிக்கொடியைத் தவிர இருந்த நகை எல்லாம் அடகுக்குப் போயிற்று, இன்னும் வரவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறார்கள். 20,800 வாங்கினபோது நிம்மதியாக இருந்தேன்டா என்று அவன் சொன்னபோது, 1,85,000 வாங்குகிறவன்தான் முதலில் தலை குனிந்தான்.

சீட்டுக் கட்டுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மேலே சொன்ன வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பேர், இருபது மாசம், ஆளுக்கு 2,500, ஐம்பதாயிரம் சீட்டு. மே மாசம் ஸ்கூல் ஃபீஸுக்காக ஏலத்தில் 7,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, எடுத்தார்கள். கையில் 43,000. அந்த மாசம் எல்லோரும் 2,150 கட்டினால் போதும். தள்ளி எடுத்தவருக்கு அது கடன், கடைசி வரை விட்டுவைத்தவருக்குச் சேமிப்பு. ஒப்பிடும்போது எடுத்தாயிற்றா, இல்லையா என்று சேர்த்துச் சொல்லுங்கள். தெரிந்த அக்கா பிடிக்கிற சீட்டு வரைக்கும் சரி, பெரிய தொகை என்றால் பதிவு பெற்ற சீட்டா என்று பாருங்கள். 1982ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் சொல்லும் தொகையை எப்படி எடுத்துக்கொள்வது?

ரூபாயில் பெருக்கிப் பார்க்கிற ஆசை எல்லோருக்கும் வரும். துபாயிலிருந்து லீவில் வந்திருந்தவன் 3,800 திர்ஹாம் என்று எழுதியிருந்தான். உடனே மூன்று பேர் போனில் கணக்குப் போட்டார்கள், 89,000 சொச்சம். அங்கே தனிநபர் வருமான வரி இல்லை, ரூம் கம்பெனியுடையது, மெஸ்ஸும் கைச்செலவும் போக 65,000 அனுப்புகிறான். நல்ல வருமானம்தான். ஆனால் பிஎஃப் மாதிரி மாசா மாசம் எதுவும் சேராது. வேலை முடிந்து கிளம்பும்போது முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷம் ஒன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்று ஒரு தொகை உண்டு, அவ்வளவே. முதல் தடவை போக ஏஜென்டுக்குக் கட்டிய கடனை அடைக்க அவனுக்குப் பதினாலு மாசம் ஆயிற்று. மகள் பேசத் தொடங்கியதை வீடியோ காலில் பார்த்தான். அதற்கு என்ன போடுவது என்று அவனே கேட்டான்.

சொந்தக்காரர்கள் கேட்டால்?

"வர்றது போறதுக்குச் சரியா இருக்குங்க பெரியப்பா" என்பது நூறு வருஷமாக வேலை செய்கிற பதில், மாற்ற வேண்டியதில்லை. பெண் பார்க்கும் இடத்தில் மட்டும் இந்தப் பதில் வேண்டாம். அங்கே கைக்கு வருவதையும் கடனையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ஆறு லட்சம் என்று சொல்லிக் கல்யாணம் செய்துவிட்டு, முதல் மாசம் 38,310ஐக் கொண்டுவந்து கொடுத்தால் அந்த வீட்டில் மாமியார் பேச்சு என்னவாக இருக்கும் என்று யோசியுங்கள்.

சம்பளத்தைச் சொன்னதும் கடன் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். என்ன செய்ய?

எங்கள் 1,85,000காரனுக்கு அந்த வாரமே இரண்டு போன். அவன் சென்னை ஓஎம்ஆரில் இருக்கிறான், வீட்டுக்கடன் 62,000, அப்பாவுக்கு டயாலிசிஸ், தங்கைக்குக் கல்யாணம் செய்த கடன் தனி. இதையும் சீட்டில் எழுதியிருந்தால் அந்தப் போன் வந்திருக்காது. அதனால்தான் இப்போது நாங்கள் ஐந்து விஷயங்களைச் சேர்த்தே சொல்லிக்கொள்கிறோம்: கைக்கு வருவது, எந்தத் தேதியில் வருகிறது, வாடகையா வீட்டுக்கடனா எவ்வளவு, எத்தனை வாய் சாப்பிடுகிறது, மற்ற கடன். சொந்த வீட்டில் அப்பா அம்மா பென்ஷனோடு இருக்கிற 35,000காரன், எங்கள் கணக்கில் ஓஎம்ஆர்காரனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேருக்குமே அது ஆச்சரியம்.

எல்லோரும் உண்மையைத்தான் எழுதினார்கள் என்று என்ன நிச்சயம்?

எழுதவில்லை. அதில் ஒரு சீட்டு பொய். அவனே சொல்லச் சொன்னதால் எழுதுகிறேன். அன்றைக்கு 42,000 என்று எழுதி, "என்னுதுதான்" என்று எடுத்துக்கொண்டவன், ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் பொள்ளாச்சி தாண்டியதும் என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னான்: "அது அக்டோபர் வரைக்கும் வாங்கினது. இப்ப வேலையே இல்லடா." வீட்டில் சொல்லவில்லை. காலையில் எட்டு மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பி, காந்திபுரம், ரயில்வே ஸ்டேஷன், வ.உ.சி. பூங்கா என்று உட்கார்ந்துவிட்டு ஏழு மணிக்குத் திரும்புவானாம். மூன்று மாசச் சம்பளம் என்று வீட்டில் கொடுத்தது பிஎஃப் பணத்தில் எடுத்தது.

கிணத்துக்கடவு வரும்போது பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த லேத்காரனை எழுப்பினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான். பழைய மிஷினைக் கழற்றிவிட்டு சிஎன்சி ஒன்று போடப் போவதாகவும், அதன் பேனல் வேலைக்கு ஆள் வேண்டும் என்றும், ஆனால் நாளுக்கு 900க்கு மேல் தன்னால் முடியாது என்றும் சொன்னான். கூடவே, "சனிக்கிழமை சனிக்கிழமை குடுத்துருவேன், உன்ன 90 நாள் நிக்க வெக்க மாட்டேன்" என்றான். மறுநாளே பட்டறைக்குப் போனவன், அன்று ராத்திரி மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். அவருக்கு நவம்பரிலேயே தெரியுமாம், டிபன் பாக்ஸில் தினமும் மண் ஒட்டியிருந்ததாம்.